15 வயதில் கடல் கடந்த அநாதைப் பையன்: மார்மன் மிஷனரி ஜோசப் எஃப். ஸ்மித்தை வளர்த்தது யார்?

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்பு நிறத்தில் ஒரு பெயர்ப்பட்டை. எப்போதும் இரண்டு இரண்டு பேராகவே வந்து வீட்டுக் கதவைத் தட்டும் இளைஞர்கள். ஹாலிவுட் படங்களிலோ வெப் சீரிஸ்களிலோ இவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள்தான் மார்மன் மிஷனரிகள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையில், 18 வயதான இளைஞர்கள் 2 ஆண்டுகள் ஊழியத்துக்குப் போவது பெரிய கடமையாகப் பார்க்கப்படுகிறது. எந்த ஊர், எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். சம்பளம் கிடையாது. செலவு பெரும்பாலும் சொந்தச் சேமிப்பு அல்லது குடும்பத்தின் பணம். உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் இப்படி வேலை செய்கிறார்கள். போவதற்கு முன்பு மொழிப் பயிற்சி உண்டு. வீட்டோடு வீடியோ காலில் பேசலாம்.

இது எதுவுமே இல்லாத காலத்தில், 1854-ல், 15 வயதுப் பையன் ஒருவனை இந்தச் சபை ஹவாய் தீவுகளுக்கு அனுப்பியது. அப்பா இல்லை, அம்மா இல்லை, பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றுவிட்டது. மொழி தெரியாது. கப்பல் டிக்கெட்டுக்குக்கூடக் கையில் காசில்லை.

அந்தப் பையன் பின்னாளில் அதே சபையின் உலகத் தலைவர் ஆனார். பெயர் ஜோசப் எஃப். ஸ்மித். அவர் ஹவாய் மக்களுக்கு மதம் சொல்லிக்கொடுக்கப் போனார் என்றுதான் வரலாற்றில் எழுதியிருக்கும். ஆனால் அங்கே யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால், கதை கொஞ்சம் வேறு மாதிரி போகிறது.

யார் இந்த ஜோசப் எஃப். ஸ்மித்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் மார்மன் சபையைத் தொடங்கியவர் ஜோசப் ஸ்மித். நம் கதை அவருடையதல்ல. அவருடைய அண்ணன் ஹைரம் ஸ்மித்தின் மகன்தான் ஜோசப் எஃப். ஸ்மித். சித்தப்பாவின் பெயரையே வைத்ததால், நடுவில் இருக்கும் 'எஃப்' என்ற எழுத்துதான் வித்தியாசம் காட்டும். அது அம்மாவின் குடும்பப் பெயரான ஃபீல்டிங்கைக் குறிக்கிறது.

அவர் பிறந்தது 1838 நவம்பர் 13, மிசௌரி மாநிலத்தின் ஃபார் வெஸ்ட் என்ற ஊரில். பிறந்த நேரமே சரியில்லை. மார்மன்களுக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் அங்கே மோதல் முற்றியிருந்தது. மார்மன்களை மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும், இல்லையேல் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று மிசௌரி ஆளுநர் அக்டோபர் மாத இறுதியில் உத்தரவு போட்டிருந்தார். குழந்தை பிறந்தபோது அப்பா ஹைரம் கைதியாக இருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடும்பம் பக்கத்து மாநிலமான இலினாய்க்கு ஓடியது.

அங்கேயும் நிம்மதி நீடிக்கவில்லை. 1844 ஜூன் 27. இலினாயின் கார்த்தேஜ் நகரச் சிறையில் வைக்கப்பட்டிருந்த ஹைரமையும் ஜோசப் ஸ்மித்தையும், முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்த கும்பல் சுட்டுக் கொன்றது. அப்போது பையனுக்கு வயது 5.

அப்பாவை இழந்த பிறகு எல்லாப் பாரமும் அம்மா மேரி ஃபீல்டிங் ஸ்மித்தின் தலையில் விழுந்தது. மார்மன்கள் மொத்தமாக மேற்கு நோக்கிக் கிளம்பினார்கள். 1848-ல் மேரியும் மாட்டு வண்டிகளோடு புறப்பட்டார். சமவெளியும் மலையுமாகச் சுமார் 1,600 கிலோமீட்டர். அதில் ஒரு வண்டியை ஓட்டியது 9 வயது ஜோசப். செப்டம்பரில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அங்கே மாடு மேய்த்து வளர்ந்தான் பையன்.

1852 செப்டம்பரில் அம்மாவும் நோய்வாய்ப்பட்டு இறந்தார். ஜோசப்புக்கு 13 வயது, தங்கை மார்த்தா ஆனுக்கு 11 வயது.

பள்ளியில் என்ன நடந்தது?

கோபம். ஜோசப்பின் இளமையைப் பற்றி யார் எழுதினாலும் இந்த வார்த்தை வராமல் இருக்காது. அம்மா போன பிறகு அது இன்னும் கூடியது.

1854-ன் தொடக்கத்தில் ஒரு நாள், பள்ளி ஆசிரியர் தோல்வாரை எடுத்துக்கொண்டு மார்த்தா ஆனை அடிக்கப் போனார். ஜோசப் குறுக்கே போய் நின்றான். ஆசிரியர் அவன் பக்கம் திரும்ப, பையன் ஆசிரியரையே புரட்டி எடுத்துவிட்டான். படிப்பு அத்தோடு முடிந்தது. இதைப் பின்னாளில் நண்பர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்த சில வாரங்களில், ஏப்ரல் மாத சபை மாநாட்டில், மிஷனரிகளாகப் போக வேண்டியவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அதில் ஜோசப்பின் பெயரும் இருந்தது. அவனிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் மிஷனரிகள் பெரும்பாலும் குடும்பஸ்தர்கள். 15 வயதுப் பையனைக் கடல் கடந்து அனுப்புவது அன்றைக்கும் வழக்கத்துக்கு மாறானதுதான். அவன் சபை நிறுவனரின் அண்ணன் மகன், கொல்லப்பட்ட தலைவரின் வாரிசு. ஊரில் இருந்தால் கெட்டுப்போவான், பொறுப்பைத் தலையில் கட்டினால் திருந்துவான் என்று பெரியவர்கள் நினைத்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலருடைய கணிப்பு. காரணம் எதுவானாலும், பையன் மறுக்கவில்லை. மார்த்தா ஆனை விட்டுவிட்டுக் கிளம்பினான். அன்று தொடங்கிய அண்ணன் தங்கை கடிதப் போக்குவரத்து பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

டிக்கெட் காசு எங்கிருந்து வந்தது?

சபை பணம் தரவில்லை. மே மாத இறுதியில் ஒரு குழுவோடு சால்ட் லேக்கில் இருந்து கிளம்பி, பாலைவனம் வழியாகக் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தான். அங்கே கூலி வேலை. கூரை வேயும் மரத்தகடுகள் அறுக்கும் இடத்தில் வேலை பார்த்துக் கப்பல் கட்டணத்தைச் சேர்த்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் கப்பலேறி, சுமார் 3 வாரப் பயணத்துக்குப் பிறகு 1854 செப்டம்பர் 27 அன்று ஹொனலுலுவில் இறங்கினான். ஊரை விட்டுக் கிளம்பி 4 மாதங்கள் ஓடியிருந்தன.

அன்றைய ஹவாய் எப்படி இருந்தது?

இன்றைக்கு ஹவாய் என்றால் ஹனிமூன் பேக்கேஜ் ஞாபகம் வரும். அன்று அது அமெரிக்காவின் பகுதி கிடையாது. தனி அரசர் ஆண்ட தனி நாடு. ஜோசப் இறங்கிய சில வாரங்களில், அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் கமேஹமேஹா அரசர் இறந்தார்.

நாடு நோயால் நொறுங்கியிருந்தது. 1778-ல் கேப்டன் குக்கின் கப்பல்கள் வந்த பிறகு, வெளியாட்கள் கொண்டுவந்த நோய்கள் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கொன்றன. லட்சக்கணக்கில் இருந்த ஹவாய் மக்கள், 1853 கணக்கெடுப்பின்போது சுமார் 70,000 ஆகக் குறைந்திருந்தார்கள். அதே 1853-ல் பெரியம்மை பரவி மேலும் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஜோசப் போய்ச் சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு. 

மதப் போட்டியும் இருந்தது. அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் 1820-லேயே வந்துவிட்டார்கள். பிறகு கத்தோலிக்கர்கள். மார்மன்கள் 10 பேர் 1850 டிசம்பரில்தான் வந்தார்கள். முதலில் அங்கிருந்த வெள்ளைக்காரர்களிடம்தான் பேசிப் பார்த்தார்கள். யாரும் கண்டுகொள்ளாததால் பாதிப் பேர் சீக்கிரமே மூட்டையைக் கட்டினார்கள். மிஞ்சியவர்களில் ஜார்ஜ் கியூ. கேனன் என்பவர் ஹவாய் மொழியைக் கற்று, உள்ளூர் மக்களிடம் போனார். மாவி தீவின் ஜோனத்தன் நபேலா என்ற படித்த உள்ளூர்ப் பிரமுகர் அவருக்குக் கைகொடுத்தார். இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்த மார்மன் நூல் 1855-ல் ஹவாய் மொழியில் அச்சானது. சபை வளர ஆரம்பித்தது இந்த உள்ளூர்க்காரர்களால்தான்.

100 நாளில் ஒரு மொழி: சாத்தியமா?

ஜோசப்பை மாவி தீவுக்கு, ஹலேயாகலா எரிமலைச் சரிவில் இருக்கும் குலா என்ற மேட்டுப் பகுதிக்கு அனுப்பினார்கள். போன கொஞ்ச நாளிலேயே கடும் காய்ச்சல். தெரியாத ஊர், புரியாத மொழி, பக்கத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை.

அப்போது அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் மஹுஹீ என்ற ஹவாய்ப் பெண்மணி. பெற்ற பிள்ளையைப் போல் கவனித்தார். 2 வருடங்களுக்கு முன்பு அம்மாவைப் பறிகொடுத்த பையனுக்கு, அம்மா என்று கூப்பிட மறுபடி ஒருவர் கிடைத்தார். கடைசி வரை அவன் அவரை அப்படித்தான் கூப்பிட்டான். அந்த ஊர்க்காரர்கள் ஜோசப் என்ற பெயரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி 'இயோசெபா' என்றார்கள். அந்தப் பெயர் அவரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது.

சுமார் 100 நாட்களில் அவன் ஹவாய் மொழியில் கூட்டம் நடத்தும் அளவுக்குத் தேறிவிட்டான். இது கடவுள் கொடுத்த வரம் என்று அவன் நம்பினான். மொழி கற்பதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் வேறு காரணங்களும் கண்ணில் படும். இளம் வயது. ஆங்கிலம் பேச ஆளே இல்லாத கிராமம். சோறு கேட்பதில் இருந்து தூங்கப் பாய் கேட்பது வரை எல்லாவற்றுக்கும் அந்த மொழியே தேவை. இதைவிடத் தீவிரமான மொழிப் பயிற்சி வேறு இருக்க முடியாது. அங்கே பாடம் எடுத்தவர்கள் மஹுஹீயும் அந்தக் கிராமத்து மக்களும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தான்?

பணப்பையோ மூட்டையோ எடுத்துப் போகாமல், கொடுப்பதைச் சாப்பிட்டு ஊழியம் செய்ய வேண்டும் என்பது அன்றைய மார்மன் மிஷனரிகளின் நடைமுறை. கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில் அதன் அர்த்தம், நோய்களால் நலிந்த ஏழைக் கிராமங்கள்தான் அவனுக்கு 3 வருடம் சோறு போட்டன என்பது. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துப் பிசைந்த கூழும் மீனும்தான் பெரும்பாலும் சாப்பாடு. தூக்கம் புல் வேய்ந்த குடிசைகளில், பாய் மேல்.

உடை நிலைமை அதைவிட மோசம். லானாய் தீவில் மார்மன்கள் ஒரு குடியேற்றத்தை அமைத்திருந்தார்கள். அங்கே ஒரு வீட்டில் தீப்பிடித்ததில் ஜோசப்பின் உடைமைகள் கருகின. முதல் வருடங்களின் நாட்குறிப்புகளும் அதில் போயின. கூட இருந்தவருக்கும் அவனுக்கும் சேர்த்து வெளியே போட்டுப் போக ஒரே ஒரு நல்ல உடைதான் மிஞ்சியது. ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் வீட்டிலேயே இருப்பாராம். அவருடைய மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு இதைச் சொல்கிறது.

இந்த வறுமையின் நடுவில்தான் அவனுக்கு ஒரு கனவு வந்தது. அவசரமாக எங்கோ போகிறான். வழியில் குளித்துச் சுத்தமான உடை உடுத்துகிறான். போய்ச் சேரும் இடத்தில் இறந்துபோன அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் இருக்கிறார்கள். தாமதமாக வந்ததற்குச் சித்தப்பா காரணம் கேட்க, தாமதம்தான், ஆனால் சுத்தமாக வந்திருக்கிறேன் என்கிறான். விழித்த பிறகு இனி எதற்கும் பயமில்லை என்று தோன்றியதாக முதுமையில் சொல்லியிருக்கிறார். நம்பிக்கையாளர்கள் இதைத் தரிசனம் என்பார்கள். மற்றவர்களுக்கு, கிழிந்த துணியோடு படுத்திருக்கும் ஒரு அநாதைப் பையன் தன் வீட்டாரைத் தேடிய கனவாகவும் தெரியும்.

நாட்குறிப்பில் தெரியும் பையன் யார்?

தீயில் போனது போக, 1856-க்குப் பிந்தைய நாட்குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் படித்தால் மகானைப் பார்க்க முடியாது, ஒரு டீன் ஏஜ் பையனைத்தான் பார்க்க முடியும். வீட்டு ஏக்கம். கடிதம் வராத கோபம். பசி. அழுக்கைப் பற்றிய புலம்பல். கையில் கிடைக்கும் புத்தகத்தை எல்லாம் விழுங்கும் ஆர்வம். தனக்குச் சோறு போட்டவர்களையே இளக்காரமாகப் பார்க்கும் வரிகளும் உண்டு. வெள்ளைக்காரர்கள் தாங்களே உயர்ந்தவர்கள் என்று நினைத்த காலத்தில் வளர்ந்தவன், அந்த நினைப்பையும் பெட்டியில் வைத்தே கொண்டுவந்திருந்தான்.

அதே நேரம் பொறுப்புகளும் கூடின. 17, 18 வயதுக்குள் மாவி, பெரிய தீவான ஹவாய், மொலோகாய் என்று பல இடங்களில் சபைக் கிளைகளை மேற்பார்வை செய்தான். தகராறுகளைத் தீர்க்க வேண்டும், நோயாளிகளைப் பார்க்க வேண்டும், தீவுகளுக்கு இடையே சின்னப் படகுகளில் போக வேண்டும். ஊரில் ஆசிரியரை அடித்த பையன், இங்கே பெரியவர்களுடைய சண்டைக்குப் பஞ்சாயத்து செய்துகொண்டிருந்தான்.

வீடு திரும்பும் வழியில் என்ன ஆபத்து?

1857-ல் அமெரிக்க அரசுக்கும் யூட்டா மார்மன்களுக்கும் இடையே பதற்றம் உச்சத்துக்குப் போனது. அரசு ராணுவத்தை அனுப்பியது. வெளிநாடுகளில் இருந்த மிஷனரிகளை எல்லாம் சபைத் தலைவர் பிரிகாம் யங் திரும்ப அழைத்தார். அக்டோபரில் ஜோசப் ஹவாயை விட்டுக் கிளம்பினான்.

கலிபோர்னியாவில் மார்மன்கள் மீது கடும் ஆத்திரம் நிலவியது. அதற்குக் காரணமும் இருந்தது. அந்தச் செப்டம்பரில் தெற்கு யூட்டாவின் மவுண்டன் மெடோஸ் பகுதியில், மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த பயணிகள் சுமார் 120 பேரை மார்மன் படையினர் படுகொலை செய்திருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தச் செய்தி பரவிய நேரத்தில்தான் ஜோசப் அந்த வழியாக வந்தான். துப்பாக்கியோடு வந்த சிலர் முகாமில் மறித்து, நீ மார்மனா என்று கேட்டார்கள். கூட இருந்த சிலர் புதருக்குள் ஒளிந்துகொள்ள, அவன் ஆமாம் என்று நேராகச் சொன்னான். மிரட்டியவன் அந்தத் துணிச்சலைப் பாராட்டிக் கைகுலுக்கிவிட்டுப் போனானாம். மார்மன் குழந்தைகளுக்கு இன்றும் அதிகம் சொல்லப்படும் கதை இது.

1858 தொடக்கத்தில் வீடு வந்து சேர்ந்தபோது வயது 19.

மறுபடியும் ஹவாய்க்கு ஏன் போனார்?

அதன் பிறகு பிரிட்டனில் 3 ஆண்டுகள் ஊழியம் செய்தார். 1864-ல் மறுபடி ஹவாய். இந்த முறை ஒரு மோசடிப் புகாரை விசாரிக்க. மிஷனரிகள் போன பிறகு, வால்டர் மரே கிப்சன் என்பவர் லானாய் குடியேற்றத்துக்குத் தலைவராகி, சபைப் பதவிகளைக் காசுக்கு விற்று, உறுப்பினர்களின் உழைப்பில் வந்த பணத்தில் நிலத்தைத் தன் பெயரிலேயே வாங்கியிருந்தார். புகார் எழுதியது உள்ளூர் ஹவாய் மக்கள்.

விசாரிக்கப் போன குழுவில் ஹவாய் மொழி நன்றாகத் தெரிந்தவர்களில் ஒருவர் ஜோசப். லஹைனா கரையில் அலைகள் பயங்கரமாக இருந்தன. சின்னப் படகில் போக வேண்டாம் என்று அவர் தடுத்தார், தானும் ஏறவில்லை. அவரைவிட மூத்தவர்கள் கேட்காமல் போனார்கள். படகு கவிழ்ந்தது. பின்னாளில் சபைத் தலைவரான லோரன்சோ ஸ்னோ மூச்சில்லாத நிலையில் மீட்கப்பட்டு, பெரும் போராட்டத்துக்குப் பிறகே பிழைத்தார். அந்தக் கடலை அறிந்தவரின் பேச்சுக்கு மதிப்பு அதன் பிறகு கூடியது.

கிப்சன் சபையில் இருந்து நீக்கப்பட்டார். ஆனால் நிலம் அவரிடமே தங்கியது. அதே கிப்சன் 1880-களில் ஹவாய் அரசின் பிரதமரானது தனிக் கதை. கைவிட்டுப்போன லானாய்க்குப் பதிலாக, ஓவாஹு தீவின் லாயியே என்ற இடத்தில் 6,000 ஏக்கர் நிலத்தை 14,000 டாலருக்குச் சபை 1865-ல் வாங்கியது.

தலைமறைவு வாழ்க்கை எதற்கு?

ஜோசப்பைப் பற்றிப் பேசும்போது இதைத் தவிர்க்க முடியாது. அவர் 6 பெண்களை மணந்தவர். தத்துப் பிள்ளைகள் 5 பேர் உட்பட மொத்தம் 48 பிள்ளைகள். பலதார மணம் அன்றைய மார்மன் சபையில் மதக் கடமையாகவே கருதப்பட்டது. 1882-ல் அமெரிக்க அரசு கடுமையான சட்டம் கொண்டுவந்து கைது வேட்டையைத் தொடங்கியது. 1866-லேயே அப்போஸ்தலர் ஆகிவிட்ட ஜோசப், திருமணப் பதிவுகளைப் பற்றித் தெரிந்த முக்கியமான ஆள். பிடிபட்டால் பலர் மாட்டுவார்கள்.

1885-ல் வேறு பெயரில் அவர் தப்பிப் போன இடம், லாயியே. மனைவி ஜூலினாவும் உடன் போனார். மற்ற மனைவிகளும் பிள்ளைகளும் யூட்டாவில் தவிக்க, 2 ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கே இருந்தார். 15 வயதில் அடைக்கலம் கொடுத்த மண், 46 வயதிலும் கொடுத்தது.

1890-ல் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1901-ல் சபைத் தலைவரான ஜோசப், 1904-ல் அமெரிக்க செனட் விசாரணையில் சாட்சி சொன்னபோது, தன் மனைவிகள் அனைவரோடும் தொடர்ந்து வாழ்வதை ஒப்புக்கொண்டார். நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு, புதிதாகப் பலதார மணம் செய்பவர்கள் சபையில் இருந்து நீக்கப்படுவார்கள் என்று அவரே அறிவித்தார். 1906-ல் நீதிமன்றம் அவருக்கு 300 டாலர் அபராதம் விதித்தது.

இயோசெபா: பாலைவனத்தில் ஒரு ஹவாய் ஊர்

இப்போது கதை எதிர்த்திசையில் பயணிக்கிறது. மிஷனரிகளின் பேச்சை நம்பிய ஹவாய் மக்கள் சிலர், சபையின் தலைநகரான சால்ட் லேக் சிட்டிக்கே குடிவந்தார்கள். அங்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆலயத்தின் பக்கத்தில் வாழ வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

ஆனால் விருந்தாளியாகப் போன வெள்ளைக்காரப் பையனுக்கு ஹவாயில் கிடைத்த வரவேற்பு, இவர்களுக்கு யூட்டாவில் கிடைக்கவில்லை. வேலை கிடைப்பது கஷ்டம். அக்கம்பக்கத்தில் இனப் பாகுபாடு. தொழுநோய் பற்றிய பயம் வேறு. 1889-ல் ஹவாய்க்காரர் ஒருவரின் குடியுரிமை விண்ணப்பத்தை யூட்டாவின் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியாகவோ இருந்தால்தான் அன்றைய சட்டப்படி குடியுரிமை பெற முடியும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், சபை அவர்களுக்குத் தனி ஊர் அமைத்துக் கொடுத்தது. இடம், சால்ட் லேக்கில் இருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்கல் வேலி. ஸ்கல் என்றால் மண்டையோடு. பெயருக்கேற்ற வறண்ட பள்ளத்தாக்கு. கோடையில் கொளுத்தும், குளிர்காலத்தில் பனி கொட்டும். அந்த ஊருக்கு அவர்கள் தங்களுக்குப் பிடித்த மிஷனரியின் பெயரை வைத்தார்கள்: இயோசெபா.

இது அன்பா, ஒதுக்கிவைத்ததா? இரண்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் மொழியோடும் பாட்டோடும் சேர்ந்து வாழ ஓர் இடம் கிடைத்தது. அதே சமயம் நகரத்தின் கண்ணில் இருந்து தூரமாகவும் ஆனார்கள். நிலம் சபையின் நிறுவனத்துக்குச் சொந்தம், இவர்கள் அதில் கூலிக்கு உழைத்தார்கள். 1896-ல் சிலருக்குத் தொழுநோய் கண்டறியப்பட்டது. குழந்தைகள் பலர் இறந்தார்கள். அப்படியும் தண்ணீர் கொண்டுவந்து, மரம் நட்டு, அந்தப் பாலை நிலத்தை ஊராக்கினார்கள். உச்சத்தில் 200 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள்.

1915-ல் ஜோசப் எஃப். ஸ்மித் லாயியேவில் ஓர் ஆலயம் கட்ட முடிவெடுத்து, அந்த இடத்தை ஜூன் 1 அன்று அர்ப்பணித்தார். ஆலயத்துக்காக யூட்டா வந்தவர்களுக்கு, இப்போது சொந்த மண்ணிலேயே ஆலயம். 1917-க்குள் இயோசெபா காலியானது. பெரும்பாலோர் ஹவாய் திரும்பினார்கள். இறந்தவர்கள் மட்டும் அந்தப் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டார்கள். அந்தக் கல்லறைக்கு அவர்களின் வாரிசுகளும் பசிபிக் தீவு மக்களும் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் கூடுகிறார்கள்.

மஹுஹீயை மறுபடி பார்த்தாரா?

பார்த்தார். ஜோசப்போடு பயணம் செய்த சார்ல்ஸ் நிப்லி என்ற சபை நிர்வாகி இதை எழுதிவைத்திருக்கிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஹொனலுலுவில் கப்பல் வந்து நின்றபோது மாலைகளும் வாத்திய இசையுமாகப் பெருங்கூட்டம். அதன் நடுவே ஏறக்குறைய 90 வயதுள்ள, பார்வை போன ஒரு மூதாட்டியை யாரோ கைபிடித்து அழைத்து வந்தார்கள். கையில் சில வாழைப்பழங்கள். கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது அவ்வளவுதான். இயோசெபா, இயோசெபா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஜோசப் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அம்மா அம்மா என்று உருகினார். காய்ச்சலில் கிடந்த தன்னைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று கண்ணீரோடு நிப்லியிடம் சொன்னார்.

கடைசி நாட்கள்

1918 அவருக்குக் கொடுமையான ஆண்டு. ஜனவரியில் மூத்த மகன் ஹைரம் இறந்தார். முதல் உலகப் போர் உயிர்களைத் தின்றுகொண்டிருந்தது. ஸ்பானிஷ் ஃப்ளூவும் சேர்ந்தது. அக்டோபர் 3 அன்று, இறந்தவர்களின் உலகத்தைப் பற்றிய தரிசனம் கண்டதாக அவர் அறிவித்தார். அது இன்று மார்மன் வேதத்தின் ஒரு பகுதி. நவம்பர் 19 அன்று, 80 வயது முடிந்த 6-ம் நாள், காலமானார். ஃப்ளூ பரவலால் பொது இறுதிச் சடங்கு நடக்கவில்லை. லாயியே ஆலயம் 1919 நவம்பரில் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று லாயியேவில் சபையின் பல்கலைக்கழகம் ஒன்றும், சுற்றுலாப் பயணிகள் குவியும் பாலினேசியக் கலாசார மையமும் இருக்கின்றன. ஜோசப்பின் கதை ஒவ்வொரு தலைமுறை மார்மன் இளைஞருக்கும் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பாலும் 15 வயதுப் பையனின் துணிச்சல்தான் முன்னால் நிற்கும்.

மிஷனரி ஊழியம் என்றால் போகிறவர் கொடுப்பார், இருக்கிறவர் வாங்கிக்கொள்வார் என்றே கணக்கு எழுதப்படுகிறது. குலா மலைச்சரிவில் நடந்ததை அந்தக் கணக்கில் எழுத முடியாது. நோயில் மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஒரு சமூகம், யாரென்றே தெரியாத ஒரு பையனுக்குச் சோறும் பாயும் மொழியும் ஒரு அம்மாவையும் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் யூட்டாவுக்கு வந்தபோது, அந்தப் பையனின் ஊர் ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கைக் காட்டியது. ஜோசப் எஃப். ஸ்மித்தின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்த இரண்டு வரவேற்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.